தாமரை இலை பறித்துவந்த முனியாண்டி அண்ணனுக்கு

என் அன்பு முனியாண்டி அண்ணே,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, இப்போது ஊரே படிக்கிற மாதிரி பேப்பரில் எழுத வந்துவிட்டாளே இவள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாங்கியது இந்தப் பேப்பரைத்தான். முதலில் சிறுகதைப் பக்கத்தைப் படிப்பீர்கள், மறுநாள் அதே பேப்பருக்குள் செடிகளை மடித்து வைத்துப் பலகையால் அழுத்துவீர்கள். "இங்கிலீஷ் பேப்பர் வழவழன்னு இருக்கு தங்கச்சி. நம்ம பேப்பருதான் ஈரத்த நல்லா குடிக்குது" என்பீர்கள். அதனால் இதில் எழுதினால் உங்களுக்கு எப்படியாவது வந்து சேரும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எனக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. உங்களைப் பற்றி நான் சொல்லக் கூடாத ஒன்றைப் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அதைத் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து அழுது தீர்த்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் பப்பாளியும் முருங்கையும் ஒரே வம்சமாம், அண்ணே. கடுகும் அந்த வம்சம்தானாம். மூன்றின் மரபணுவையும் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால், "அப்ப முருங்கக்கா கொழம்புக்குக் கடுகு தாளிக்கிறப்ப சொந்தக்காரன் வீட்டு விசேஷம் மாதிரி வெடிச்சிக்கிட்டு வரான்னு சொல்லுங்க" என்று ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்திருப்பீர்கள். இப்போது இந்த மாதிரிச் செய்தி வந்தால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் மேஜைக்குப் போய்விடுகிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு உங்களை யாரென்று சொல்ல வேண்டும். இவர் காப்பார்ப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், காய்ந்த செடிகளைப் பாதுகாத்து வைக்கிற அறையில் வேலை. வேன் ஓட்டுவார், காடுமேடெல்லாம் போய்ச் செடி பறித்து வருவார், அழுத்துவார், காயவைப்பார், அட்டையில் தைப்பார். கூட்டம் நடந்தால் ஸ்லைடு போடுவதும் அவர்தான். நான் பிரிக்பீல்ட்ஸ்காரி, யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் வேனில் ஏறியபோது என்னை "மிஸ்" என்றீர்கள். இரண்டாம் பயணத்தில், சுங்கை பூலோ தாண்டி ஒரு கடையில் தே தாரேக் குடித்தோமே, அங்கேயே "தங்கச்சி" ஆகிவிட்டேன். நான் வீட்டுப் பழக்கத்தில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று தலையாட்டினால் நீங்கள் கைகூப்பி "நமசிவாய" என்று முடிப்பீர்கள். மூன்று வருடமும் இதே கிண்டல்தான். ஒரு தடவைகூடச் சலிக்கவில்லையா உங்களுக்கு?

எனக்குச் சலிக்கவில்லை. அதை உங்களிடம் சொன்னதில்லை.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று நீங்கள் கேட்ட நாளும் நினைவிருக்கிறது. எல்லாப் பச்சை இலைக்குள்ளும் ஒரு மரபணு இருக்கிறது, வெயிலைச் சாப்பாடாக மாற்றுகிற வேலையில் அதற்குப் பங்குண்டு, அது நாலே நாலு எழுத்தால் எழுதப்பட்டது என்று சொன்னேன். தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறிவிடும். அதே இடத்தில் அதே மாற்றங்கள் இரண்டு செடியிலும் பலதடவை தென்பட்டால், இரண்டும் ஒரு பாட்டனுக்குப் பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் பூக்கிற அத்தனை செடிக்கும் இப்படி வம்சாவளி போட முடியும் என்றேன். வாழை, மல்லிகை, ரம்புத்தான், புல், எல்லாவற்றுக்கும்.

நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்துவிட்டுச் சொன்னீர்கள். "கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லுங்க. யாரு யாருக்குச் சொந்தம், யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான்."

அதற்குப் பிறகு எழுத்துகளை எழுதிக்கொள்ளவும் உங்களையே கூப்பிட்டேன். அந்த எழுத்துகள் பதிந்த எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டி மேல் வைத்தால் கறுப்புக் கோடுகள் ஏணிப்படி மாதிரி தெரியும். நான் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு படியாக வாசிப்பேன், நீங்கள் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவீர்கள். ஒரு செடிக்கு ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. நான் கண் சோர்ந்து ஒரு படியைத் தாண்டிவிட்டால், "தங்கச்சி, ஒன்னு குறையுது, திரும்பப் பாருங்க" என்பீர்கள். நீங்கள் எழுதிய நோட்டில் இதுவரை ஒரு பிழை நான் கண்டதில்லை. அன்றைக்கு இது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

தாமரை விஷயத்துக்கு வருகிறேன்.

பூக்கும் தாவரங்களில் ஆதிகாலத்தில் பிரிந்த கிளைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அல்லியும் தாமரையும் வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. புத்தகம் சொல்லாவிட்டாலும் எனக்கு அது தெரியும் என்று நினைத்தேன். தமிழ்வீட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் தாமரையும் அல்லியும் அக்கா தங்கை என்பார்கள். ஒன்று பகலில் மலரும், மற்றது இரவில். கோயில் குளத்தில் இரண்டையும் சேர்த்தே பார்த்து, பாட்டில் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "ரெண்டும் கூடப்பொறந்ததுங்கதானே" என்று நீங்களும் அன்று சொன்னீர்கள்.

பத்துமலைக்கு அந்தப் பக்கம், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட குட்டை ஒன்றில் இரண்டும் இருந்தன. நாம் சேர்ந்து போவதாக இருந்த நாளில் எனக்குக் காய்ச்சல். நீங்கள் மட்டும் போனீர்கள். சாயந்திரம் நான் வராததால் இலைப் பொட்டலங்களை லேப் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். காலில் போடும் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுத் தருவார்களே, ஈரம் உறிஞ்சும் குருணை, அதில் கிள்ளிப்போட்ட இலைத் துண்டுகள். மூன்று நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். காய்ந்த பிறகு எது தாமரை, எது வேறு இலை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சில மாதம் கழித்து எழுத்துகளை ஒப்பிட்டேன். அல்லி, எதிர்பார்த்தபடியே, வம்சாவளி மரத்தின் அடியில் ஆதிக்கிளையில் போய் நின்றது. தாமரை பக்கத்தில் இல்லை. அது எங்கேயோ மேலே, மலைமேல் வளரும் மரம் ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. கேமரன் மலையிலிருந்து நீங்கள்தான் முன்பு அந்த மரத்தின் இலையையும் கொண்டுவந்தீர்கள். டின்னில் விற்கிறார்களே மக்கடேமியா கொட்டை, அதற்கு உறவான மரம். தண்ணீரில் நிற்கிற தாமரைக்கும் கட்டைபோல் நிற்கிற மலைமரத்துக்கும் என்ன சொந்தம்?

இப்போது சொல்கிறேன், அண்ணே, எனக்குப் பயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் துறைத்தலைவர் முன்னால் இதைக் காட்ட வேண்டும். தாமரை மலைமரத்துக்குச் சொந்தம் என்று சொன்னால் சிரிப்பார்கள். என் வேலை மொத்தத்தையும் சந்தேகப்படுவார்கள். என் மானம் போய்விடக் கூடாதே என்று உங்கள் மானத்தை எடுத்து முன்னால் போட்டேன்.

நீங்கள் அந்த அறையின் பின்பக்கம் ஸ்லைடு மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த இலை மாதிரியை நம்ப முடியாது, குட்டை ஆழமானது, பறிக்கப் போனவர் பயந்துபோய் இறங்காமல், கரையில் நின்ற ஏதோ மரத்தின் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டிருக்கிறார் என்று. போனது யார் என்று தலைவர் கேட்டார். நான் விரலை நீட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் சிரித்தார். உங்களுக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, கேட்டால் புரியும். எனக்குத் தெரியும் அது. தெரிந்தே சொன்னேன்.

நீங்கள் அடுத்த ஸ்லைடு போடவா என்று கையால் கேட்டீர்கள்.

மறுவாரமே தலைவர் ஒரு கடிதம் கொடுத்தார், இனிமேல் நீங்கள் செடி பறிக்க வெளியே போக வேண்டாம், செடிக்கொட்டகையில் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று. பதினெட்டு வருடம் காடு சுற்றிய மனிதரைப் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தோம். நான் போய், "தப்பு, அப்படிச் செய்யாதீர்கள்" என்று தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். அன்று பறிக்கப் போனது பங்சாரில் பெரிய வீட்டிலிருந்து வந்த ஒரு மாணவனாக இருந்திருந்தால், பயந்து இறங்கவில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேனா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "தோட்டத்து ஆக்கள்" என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரும். நான் அப்படியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அன்று என் விரலுக்குப் பின்னால் அந்தக் குரல்தான் இருந்தது.

நீங்கள் என்னிடம் இரண்டே தடவை இதைப் பற்றிப் பேசினீர்கள். முதல் தடவை, கூட்டம் முடிந்து மூன்று நாள் கழித்து, லேப் வாசலில்.

"தங்கச்சி, எனக்கு நீச்சல் தெரியாது. பயந்தேன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா எறங்கினேன்."

"அப்படின்னா இலை எப்படி அண்ணே மாறும்?"

"அது எனக்குத் தெரியாது லா. நான் எலைய கொண்டாந்தேன். அது என்ன சொல்லுதுன்னு பார்க்கிறது உங்க வேல."

இரண்டாம் தடவை ஒரு திங்கட்கிழமை. மோட்டார் சைக்கிளின் பின்னால் வாளியைக் கட்டி, அந்தக் குட்டையிலிருந்தே தாமரைக் கிழங்கைக் கொண்டுவந்தீர்கள். லேப்புக்குப் பின்னால் கிடந்த வாய் உடைந்த பெரிய மண்சாடியில் சேறு கொட்டி நட்டீர்கள். "இது உங்க கண்ணு முன்னாலயே வளரும். எல வந்ததும் நீங்களே கிள்ளிக்குங்க." நான் கடிகாரத்தைப் பார்த்தபடி, பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு பார்க்கவேயில்லை. பட்டியலில் தாமரை இருந்த வரியை அடித்துவிட்டு, தாமரை இல்லாமலே கட்டுரையை எழுதி அனுப்பினேன்.

அதற்கப்புறமும் நீங்கள் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டீர்கள். தீபாவளிக்கு அண்ணி செய்த முறுக்கு டின் என் மேஜைக்கு வந்தது. நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருக்கிற மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதி, பாருங்கள்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டீர்கள், கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது என்று போன் வந்தது. இரத்தக்கொதிப்பு என்றார்கள். காப்பாருக்கு வந்தேன். கூட்டத்தில் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அண்ணி முகத்தை நேராகப் பார்க்காமல் திரும்பினேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று தபாலில் வந்தது. என்னை மாதிரியே மரபணுக்களை ஒப்பிட்டு, நூற்றுக்கணக்கான பூச்செடிகளுக்கு வம்சாவளி போட்டிருந்தார்கள். தாமரையை விரலால் தேடினேன். அது அல்லிக்குப் பக்கத்தில் இல்லை. நம் தாமரை எங்கே போய் உட்கார்ந்ததோ அங்கேயே இருந்தது, மக்கடேமியா உறவுக்கார மரங்களின் பக்கத்தில். அவர்களுக்கு யாரோ வேறு குளத்தில், வேறு நாட்டில் பறித்துக் கொடுத்த தாமரை.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? ஐயோ, இதை நான் முன்னாலேயே கண்டுபிடித்தேனே, அடித்துப் போட்டுவிட்டேனே என்று. என் பெயர் போயிற்றே என்றுதான் முதலில் அழுதேன். உங்கள் ஞாபகம் அதற்குப் பிறகு வந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

காய்ந்த செடி அறைக்குப் போனேன். என் மேஜையிலிருந்து இருபது அடி இருக்குமா? நீங்கள் எந்தச் செடியின் இலையைக் கிள்ளினாலும் அதே செடியிலிருந்து பூவும் தண்டுமாக ஒன்றை அழுத்தி அங்கே வைப்பீர்கள், பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் பார்க்க. அதற்குத்தான் அந்த அறையே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அந்த அலமாரியை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

பேப்பர் மடிப்பைத் திறந்தேன். தாமரைதான். வட்ட இலை, நடுவில் தண்டு சேர்ந்த புள்ளி, ரோஜா நிறம் மங்காத இதழ்கள், ஓட்டை ஓட்டையாக விதைக்கூடு. ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். கூடவே பென்சிலில் நீங்கள் எழுதிய துண்டுச்சீட்டு. நீர்ச்செடிக்கு ஆழம் எழுத வேண்டும் என்று விதி. நீங்கள் அளவுகோலா வைத்திருந்தீர்கள்? உங்கள் உடம்பாலேயே அளப்பீர்கள். முழங்கால் என்று எழுதுவீர்கள், இடுப்பு என்று எழுதுவீர்கள். அதைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். இந்தச் சீட்டில் "ஆழம்: கழுத்து" என்று எழுதியிருந்தது.

நீச்சல் தெரியாத மனிதர். துணைக்கு ஆளில்லை. எனக்காக.

பிறகு சாடித் தாமரையில் ஓர் இலையைக் கிள்ளினேன். அது நான் கவனிக்காமலே செழித்துப்போயிருந்தது, யார் தண்ணீர் ஊற்றினார்களோ. மறுபடி எல்லா வேலையும் செய்து, பிலிம் எடுத்து, தனியாக வாசித்துத் தனியாக எழுதினேன். நீங்கள் எழுதிய பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இவ்வளவும் கையில் இருந்தும் காப்பாருக்கு வர எனக்கு இன்னும் சில வாரம் பிடித்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தேன். அண்ணி காலை நாசி லெமாக் தேங்காய்ச்சோற்று வியாபாரத்தை முடித்துவிட்டு வாசலில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், மைலோ கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாமரை சரி, அண்ணன் சரி, நான்தான் பிழை என்று. அல்லியும் தாமரையும் ஒரே தண்ணீரில் வாழ்ந்து வாழ்ந்து ஒன்று மாதிரி ஆகிவிட்டன, பிறப்பால் வேறு என்பதையும் எப்படியோ விளக்கினேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரே லயத்து வரிசை வீடுகள்ல குடியிருந்தா ஒரே வீட்டுப் புள்ளைங்க ஆயிருவாங்களா? இதக் கண்டுபிடிக்க உனக்கு இவ்வளவு நாளா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு அவரு போட்டிருந்த துணிய நான்தான் தொவச்சேன். சட்ட காலர் வரைக்கும் வெள்ளச் சேறு. ஈயக்குட்டைச் சேறு லேசுல போவாது. நாலு தடவ சோப்பு போட்டேன். நீ ஒரு நாளு இங்க வந்து, அண்ணி, அவரு எறங்கினாரான்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். மோட்டார்ல வந்தா எவ்வளவு நேரம்?"

"கேட்கணும்னு எனக்குத் தோணல, அண்ணி."

"அதான். ஒனக்குத் தோணல. ஆம்பள வீட்டுக்கு வந்து சோறு திங்காம படுத்திருந்தாரு. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டாங்க, அதுகூடப் பரவால்ல, பொய்யின்னு சொல்லிட்டாங்கன்னாரு."

இதை நான் அதுவரை அறியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன். அண்ணி என் முதுகைத் தட்டவில்லை. நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம். எங்கிட்ட வந்து அழுது என்னா ஆகப்போவுது? எனக்குத்தான் முன்னயே தெரியுமே. அன்னைக்கு யாரு யாரு கேட்டாங்களோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

"சொன்னியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் வரேன்."

வாருங்கள் என்றேன். உடனே இன்னொரு கேள்வி கேட்டார் பாருங்கள், உங்கள் பெண்டாட்டி லேசுப்பட்ட ஆளில்லை. "இங்கிலீஷ்ல பேசுவீங்களாமே. எனக்கு என்னா புரியும்?"

மலாயில் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் புரியும், நாசி லெமாக் விற்று மலாய் பழகிய அண்ணிக்கும் புரியும்.

துறைத்தலைவரைப் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நேரம் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். போன ஆளைப் பற்றி இப்போது எதற்கு, அறிவியல் முடிவை மட்டும் சொன்னால் போதாதா, உன் வேலைக்கும் இது நல்லதில்லையே என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த வருடம் எனக்கு அங்கே நிரந்தர வேலை கிடைக்குமா இல்லையா என்று முடிவு செய்கிறவர்களில் அவரும் ஒருவர். சாட்சி கையில் இருக்கும்போதே பார்க்காமல் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தவள் என்று நானே எழுந்து நின்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே. இல்லையென்று சொல்லவில்லை.

கட்டுரை வந்த சஞ்சிகைக்கும் திருத்தம் எழுதிவிட்டேன். தாமரை எங்கே நிற்கிறது என்பதும், பறித்தவர் யார் என்பதும் அதில் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் உங்கள் பெயரை எப்படித்தான் வாசிப்பார்களோ. கஷ்டப்படட்டும்.

அந்தக் குட்டையை இப்போது மண் போட்டு மூடுகிறார்கள். வீடுகள் வருகின்றனவாம். லோரிகள் வரிசையாக நிற்கின்றன. சாடியில் உள்ள தாமரையை அண்ணி கேட்டார், கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பைப்படியில் வைத்திருக்கிறார். "இது பேருல எங்க வீட்டுக்காரரு திட்டு வாங்கினாரு, இனி இது எங்க வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார். நான் போனால் கூப்பிட்டுக் காட்டுவாரா என்று தெரியாது. கூப்பிடாவிட்டாலும் போவேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே அறையில் எழுந்து நிற்பேன். அண்ணியை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். நான் சொல்லப்போவதைப் பலதடவை எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "அந்தத் தாமரை இலையைப் பறித்தவர் முனியாண்டி. நீந்தத் தெரியாமல், கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பறித்தார். அவர் இறங்கவில்லை என்று இங்கே நின்று சொன்னது நான். அது பொய்." மக்கடேமியாவும் அல்லியும் வம்சாவளியும் அதற்குப் பிறகுதான்.

நடுவில் குரல் உடைந்தாலும் நிறுத்தமாட்டேன், அண்ணே. உங்கள் மேல் சத்தியம்.

அன்று நீட்டிய விரலை மடக்கத் தெரியாமல் நின்ற
உங்கள் தங்கை,
பவானி
பிரிக்பீல்ட்ஸ்